பங்குனியில் அப்பா அம்மா டோக்கியோ வர்றாங்க: சகுராவுக்கு எந்தப் பத்து நாள்?

பர்கூர்_நிஷிகசாய் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கேன். வர்ற பங்குனியில் அப்பா அம்மாவை பர்கூரிலிருந்து பத்து நாளைக்குக் கூட்டிட்டு வரணும். சகுரா (செர்ரிப் பூ) பாக்கணும், ஆனா அவங்க ஓய்வா இருந்துட்டுப் போகணும், அதுதான் முக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஆகாது. ரெண்டு பேரும் சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்கு மாந்தோப்பு. சித்திரையில செந்தூரா அறுப்பு தொடங்கிட்டா தோப்பை விட்டு நகர மாட்டார். எனக்குக் கிடைக்கிற லீவு அஞ்சு வேலை நாள்.

டிக்கெட்டை இப்பவே போட்டாத்தான் விலை கட்டும். பூ எப்போன்னு மார்ச்லதான் தெரியும். எந்தத் தேதியைப் பிடிக்கிறது? எங்கெல்லாம் கூட்டிட்டுப் போறது? சாப்பாடு, விசா பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தென்பெண்ணை

தம்பி, மார்ச் 28 வாக்குல இறங்கி ஏப்ரல் 7 வாக்குல கிளம்புற மாதிரி போடுங்க.

1991 முதல் 2020 வரைக்குமான சராசரிப்படி டோக்கியோவில் பூ திறக்கிறது மார்ச் 24, முழுப்பூ மார்ச் 31. இந்த ரெண்டையும் குழப்பிக்காதீங்க. யாசுகுனி கோயில் வளாகத்துல வானிலைத் துறை அடையாளம் வச்ச மரம் ஒண்ணு இருக்கு. அதுல அஞ்சாறு பூ விரிஞ்சாலே 'கைகா', அதாவது பூ திறந்தாச்சுன்னு அறிவிச்சிடுவாங்க. டிவி செய்தியைப் பாத்துட்டு அன்னைக்கே பூங்காவுக்குப் போனா மொட்டுத்தான் இருக்கும். எண்பது சதம் விரிஞ்சா 'மன்காய்', அதாவது முழுப்பூ. நீங்க பாக்க வேண்டியது அது. திறந்ததிலிருந்து மன்காய்க்கு ஒரு வாரம், பத்து நாள். அதுக்கப்புறம் ஒரு வாரம் நிக்கும்.

சராசரியை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. 2023-ல மார்ச் 14-ஏ திறந்து 22-ல முழுப்பூ. 2024-ல மார்ச் 29-லதான் திறந்துச்சு, முழுப்பூ ஏப்ரல் 4. அடுத்தடுத்த வருஷத்துல ரெண்டு வாரம் வித்தியாசம். ஏன்னு அப்பாவுக்கு ஒரு வார்த்தையில புரிஞ்சிடும்: நம்ம பக்கம் மார்கழி, தை ராக்குளிர் விழுந்தாத்தான் மா பூக்கும் இல்லையா, சகுராவுக்கும் குளிர் வேணும். மொட்டு முந்தின கோடையிலேயே கட்டிடும். கட்டி உறங்கும். குளிர்காலம் போதிய அளவு குளிர்ந்தா உறக்கம் தெளியும், பிறகு வெயில் ஏற ஏற மொட்டு பருக்கும். பிப்ரவரி 1-லிருந்து ஒவ்வொரு நாளோட உச்ச வெப்பத்தையும் கூட்டிக்கிட்டே வாங்க. கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடுற நாளை ஒட்டி டோக்கியோவில் பூ திறக்கும். ஜப்பான்காரங்க வழக்கமா போடுற கணக்கு இது. மார்ச் 10 வாக்குல கூட்டிப் பாத்தாலே முந்துமா பிந்துமான்னு பிடிபடும்.

இன்னொண்ணு. டோக்கியோவில் கண்ணுல படுற மரம் பெரும்பாலும் சோமெய் யோஷினோங்கிற ஒரே ரகம். விதை போட்டு வர்றது கிடையாது, எல்லாம் ஒட்டு. சந்தூர் நாற்றங்கால்ல ஒரு தாய் மரத்துக் கிளையை எடுத்து ஆயிரம் கன்னு கட்டுற மாதிரிதான். அதனாலதான் ஊர் முழுக்க ஒரே நாள்ல பூக்குது, ஒரே நாள்ல கொட்டவும் செய்யுது. இதுல ஒரு வழியும் இருக்கு: ரகத்தை மாத்தினா நாளும் மாறும், உயரத்தை மாத்தினாலும் மாறும்.

பூ முந்திக்கிச்சுன்னா ஷின்ஜுகு கியோயென் பூங்காவுக்குப் போங்க. இச்சியோ, கன்சான் மாதிரி அடுக்குப்பூ ரகங்க அங்க நிறைய. சோமெய் யோஷினோ கொட்டின பிறகு ஒண்ணு ரெண்டு வாரத்துல அதுங்க வரும். இல்லாட்டி ஃபுஜி மலையடியில கவாகுச்சி ஏரி. ஏறக்குறைய 830 மீட்டர் உயரம், டோக்கியோவைவிட வாரம் பத்து நாள் பிந்தி பூக்கும். நம்ம தருமபுரிக்கும் ஏற்காட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் மாதிரி. பூ பிந்தினாலும் உங்க பத்து நாளுக்குள்ள வந்திடும், கவலை வேண்டாம்.

மழைக்குப் பயந்து திட்டத்தைக் கலைக்காதீங்க. புதுசா விரிஞ்ச பூ மழையைத் தாங்கும். குளிரா இருந்தா பூ கூட நாலு நாள் நிக்கும். முழுப்பூ ஆகி மூணு நாலு நாள் கழிச்சு காத்தோட மழை வந்தாத்தான் ஒரே ராத்திரியில தரைக்கு வந்திடும். அப்படிக் காத்து மழை வரும்னு தெரிஞ்சா அன்னைக்குக் காலையிலேயே போயிடுங்க, மறுநாளுக்குத் தள்ளக் கூடாது.

லீவை ஏப்ரல் 1-லிருந்து வைங்க. நிதியாண்டு அன்னைக்குத்தான் தொடங்குது, மார்ச் கடைசி வாரம் லீவு வாங்குறது பல இடத்துல சிரமம். மே முதல் வாரத்துக்கு மட்டும் தள்ளாதீங்க. அது கோல்டன் வீக்ங்கிற தொடர் விடுமுறை, ரயிலும் விடுதியும் நிரம்பி விலை ஏறிடும், அப்பாவுக்கும் அறுப்பு நேரம்.

கல்லாவி_பூந்தோட்டம்

இடத்தைப் பற்றி நான் சொல்றேன். அம்மாவுக்கு முட்டி வலின்னா முதல்ல ஒண்ணை அடிச்சிடுங்க: அரகுராயாமா. ஃபுஜி மலையும் சிவப்பு அடுக்குக் கோபுரமும் சகுராவும் ஒரே படத்துல வருமே, அந்த இடம். கோபுரத்துக்கு 398 படி. படத்தைப் பாத்து ஆசைப்பட்டுப் போய் நிறைய பேர் பாதியில உட்கார்ந்துடுறாங்க.

உங்க வீட்டுக்குப் பக்கத்துலேயே ஷின்காவா ஆத்தங்கரை இருக்கு. ஏறக்குறைய 3 கிலோமீட்டர், முழுக்கச் சமதளம், ரெண்டு கரையிலும் சகுரா. ஊரை விட்டு வந்த களைப்பு தீர்ற வரைக்கும், முதல் ரெண்டு நாள், காலையில அங்க நடந்தாலே போதும். பேர் பெற்ற இடம்தான் பாக்கணும்னு இல்லை. பூ அங்கேயும் அழகுதான், கூட்டம் ரொம்பக் குறைவு.

அடுத்து தச்சிகாவாவில் ஷோவா நினைவுப் பூங்கா. பெரிய புல்வெளி, உள்ளேயே சின்ன ரயில் மாதிரி வண்டி ஓடுது, அதுக்குத் தனிக் கட்டணம். ஷின்ஜுகு கியோயென் 500 யென், 65 வயசு தாண்டினவங்களுக்கு 250. வயசுக்கு பாஸ்போர்ட்டைக் காட்டணும். பூ உச்சத்துல இருக்கிற நாள்கள்ல முன்பதிவு கேட்டிருக்காங்க, கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க இணையப் பக்கத்தைப் பாருங்க. மது உள்ளே கூடாது, அதனால வயசானவங்களுக்கு அமைதியான இடம். வாரநாள்ல காலை 9 மணிக்கு வாசல் திறக்கும்போதே நின்னா மதியத்துக்குள்ள வீடு திரும்பிடலாம். ஒரு நாளைக்கு ஒரு இடம். ரெண்டாவது இடம் சேர்த்தா அன்னைக்கு ஓய்வு போச்சு.

உட்கார எல்லாரும் நீல விரிப்புதான் போடுவாங்க, செருப்பைக் கழட்டிட்டு. தரையில உட்காரச் சிரமப்படுறவங்களுக்கு மடக்கு நாற்காலி ரெண்டு எடுத்துக்குங்க. சில பூங்காவுல நாற்காலிக்குத் தடை உண்டு, வாசல் பலகையைப் பாருங்க. மரத்தடி வேர் மேல விரிக்கக் கூடாது. வேர் மேலாகவே ஓடும், மண் இறுகினா மரம் சீக்கிரம் பட்டுப்போகும். படத்துக்காகக் கிளையை வளைக்கிறதும் கூடாது. சகுராவுல ஒடிஞ்ச இடம் வழியா அழுகல் உள்ளே இறங்கிடும். குப்பைக்குப் பை கொண்டு போங்க, பூங்காவுல தொட்டி தேடினா கிடைக்காது.

பகல்ல 15 டிகிரி இருந்தாலும் சாயங்காலம் 7-க்கு இறங்கும். பூ நேரத்துல திடீர்னு திரும்புற குளிருக்கு 'ஹனாபியே'ன்னு தனிப் பேரே இருக்கு. நம்ம ஊர் மப்ளரும் ஒரு ஸ்வெட்டரும் பத்தாது. உள்ளே ஒட்டி நிக்கிற வெப்ப பனியன், மேல காத்து புகாத ஜாக்கெட். அதே சமயம் சுகி, ஹினோகி மரங்களோட மகரந்தம் பறக்கிற காலமும் இதுதான். தும்மலும் கண் அரிப்பும் வந்தா சளின்னு நினைச்சுக்காதீங்க, வெளியே போறப்ப மாஸ்க் போடச் சொல்லுங்க.

கியோட்டோவும் வேணும்னு கேட்டா, ஷிங்கன்சென் புல்லட் ரயில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 14,000 யென். சுற்றுலா வர்றவங்களுக்கான 7 நாள் ஜேஆர் ரயில் பாஸ் 2023 அக்டோபர்ல 50,000 ஆயிடுச்சு, ஒரு தடவை போய் வர்றதுக்கு அது நஷ்டம். உங்களை மாதிரி அங்கேயே குடியிருக்கிறவங்களுக்கு அந்தப் பாஸும் கிடையாது. என் கணக்குல இந்தத் தடவை கியோட்டோ வேண்டாம்.

அரூர்_அடுப்பங்கரை

சைவம்னா அங்க கண்ணுக்குத் தெரியாம மாட்டிக்கிற இடம் 'தாஷி'. காய்ந்த மீன் சீவல்ல எடுக்கிற சாறு அது. உடோன் நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், காய்கறி வேகவச்சது எல்லாத்துலயும் இருக்கும். 'மீன் போடாதீங்க'ன்னா மீன் துண்டை மட்டும் எடுத்துட்டுக் கொடுப்பாங்க, தாஷின்னு பேர் சொல்லிக் கேக்கணும். இனாரி சூஷி பாக்க வெறும் டோஃபுதான் (சோயா பன்னீர்), அதையும் பெரும்பாலும் தாஷியிலதான் ஊற வைப்பாங்க.

பூ பாக்கப் போறப்ப கட்டுச்சோறுதான் நல்லது. மூணு பேருக்கு 300 கிராம் பொன்னி அரிசி போதும், நிஷி கசாய் இந்தியக் கடைகள்ல கிடைக்கும். ஜப்பான் அரிசி ஒட்டும், புளிசோத்துக்கு ஆகாது. எலுமிச்சை அளவு புளி, நல்லெண்ணெய் நாலு மேசைக்கரண்டி. ஊர்ல ரெண்டரைக் கரண்டி போதும், ஆனா பத்து டிகிரி குளிர்ல சோறு விறைச்சு உதிர்ந்துடும், கூடுதல் எண்ணெய்தான் அதைத் தாங்கும். சூடா கிளறின உடனே வெப்பம் காக்கிற டப்பாவுல போட்டுடுங்க. தயிர்சோறு வேண்டாம், சில்லிட்டுப் போகும். தானியங்கி எந்திரத்துல சிவப்புப் பட்டை போட்ட பாட்டில்தான் சூடு, நீலம் குளிர்ந்தது. சர்க்கரை போடாத தேநீர் எல்லா எந்திரத்துலயும் இருக்கும்.

இனிப்புக்கு சகுரா மோச்சி வாங்கிக் கொடுங்க. அரிசி இல்லாட்டி கோதுமை மாவு, சிவப்புப் பயறு, மேல உப்புல ஊறின சகுரா இலை. இலையோடவே சாப்பிடலாம். மூணு நிற ஹனாமி டாங்கோ உருண்டையும் அரிசி மாவுதான். இருந்தாலும் பொட்டலத்துப் பின்னாடி முட்டைக்கான எழுத்து இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

ஊர்லேருந்து மாம்பழம், கறிவேப்பிலை, முருங்கைக்கீரைன்னு பச்சையா எதையும் கட்டிவிடச் சொல்லாதீங்க. தாவர நலச் சான்றிதழ் இல்லாம விமான நிலையத்துலயே எடுத்துடுவாங்க. நம்ம மாங்கூழ் டப்பா, ஊறுகாய், புளிக்காய்ச்சல் போகும். மாத்திரை ஒரு மாசத்துக்கு மேல கொண்டு வரணும்னா முன் அனுமதிச் சான்று வேணும். மருந்துச் சீட்டு கையில இருக்கட்டும். சூடோஎஃபெட்ரின் பத்து சதத்துக்கு மேல இருக்கிற சளி மாத்திரைக்குத் தடை, அட்டையைப் படிச்சுப் பாத்துட்டு வைங்க.

சேலம்_மெயின்ரோடு

விசா பற்றிச் சுருக்கமாக. பர்கூருக்கு பெங்களூருதான் கிட்டம் என்றாலும் தமிழ்நாட்டு முகவரிக்கு எல்லை சென்னைத் துணைத் தூதரகம். ஒரு முறை நுழையும் விசா கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மார்ச் 28 பயணத்துக்கு டிசம்பரிலேயே எடுத்துவிட்டால் காலாவதியாகும். ஜனவரி கடைசியில் காகிதங்களைச் சேர்த்து, பிப்ரவரி நடுவில் கொடுப்பது சரியாக இருக்கும்.

நீங்கள் அனுப்ப வேண்டியவை: அழைப்புக் கடிதம், பொறுப்பேற்புக் கடிதம், பயணத் திட்டம், எடோகாவா வட்டார அலுவலகத்தில் எடுத்த ஜூமின்ஹ்யோ (குடியிருப்புப் பதிவுச் சான்று), வருமான வரிச் சான்று, வேலைச் சான்று. இங்கிருந்து உறவுமுறைச் சான்று. இங்கேதான் நம் ஆட்கள் மாட்டுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயராக நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு அப்பா, அம்மா பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்க நகலையும், தேவையானால் பெயர் குறித்த பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் உண்டு. வயதானவர்களுக்கு அதையே போடுங்கள். விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போக ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலைக் கணக்கில் வைத்து, விமான நேரத்துக்கு ஏழு மணி நேரம் முன்பே பர்கூரில் வண்டி கிளம்ப வேண்டும். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிட்டால் நரிட்டாவின் நீண்ட நடையும் வரிசையும் மிச்சம்.

பர்கூர்_நிஷிகசாய்

தென்பெண்ணை அண்ணா, கல்லாவி அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மார்ச் 28, ஏப்ரல் 7-ன்னே போட்டுடறேன். அப்பா ஒண்ணு கேக்கச் சொன்னார்: ஒட்டுன்னா, ஒரு கன்னு கொண்டுவந்து தோப்பு ஓரத்துல வச்சா வருமா?

சந்தூர்_நாற்று

வராதுங்க. கன்னு கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேணும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். சகுரா மொட்டு உறக்கம் தெளியப் பல வாரம் தொடர்ந்து கடுங்குளிர் வேணும். பர்கூர்ல மார்கழி விடியக்காலைக் குளிர் மாவுக்குப் போதும், சகுராவுக்குப் பத்தாது. இலை வரும், பூ வராது. பெங்களூருல 'செர்ரி'ன்னு படம் போடுறாங்களே, அது டபெபுயா ரோசியா, வேற குடும்பம். ஆனா அது நம்ம மண்ணுல நல்லா வரும். வெயில் படுற இடமா ரெண்டடிக் குழி எடுத்து, தொழுவுரம் கலந்து வச்சு, முதல் ரெண்டு கோடை மட்டும் தண்ணி காட்டினா போதும். தை தொடங்கி பங்குனிக்குள்ள இலை உதிர்ந்து ரோஸ் நிறத்துல பூக்கும். மா வரிசையிலிருந்து இருபது அடி தள்ளி வைக்கச் சொல்லுங்க, நிழல் விழுந்தா அந்தப் பக்கத்து மாவுல காய் குறையும்.