விண்டோஸ் 11-க்கு மாறியபின் கேகேஎல் கேபிள் வேலை செய்யவில்லை

கேள்வி:
பழைய ஸ்கோடா ஆக்டேவியா கார், அதன் பிழைகளை வாசிக்கும் விசிடிஎஸ்-லைட் மென்பொருள், காரைக் கணினியோடு இணைக்கும் யுஎஸ்பி கேகேஎல் கேபிள். விண்டோஸ் 7-ல் ஒழுங்காக ஓடியது. இப்போது டிவைஸ் மேனேஜரில் கேபிள் காம் 7 போர்ட் என்று தெரிகிறது. மென்பொருளுக்குக் கேபிளே தெரியவில்லை. புதுக் கேபிள் வாங்க வேண்டுமா?

பதில் 1:
வாங்காதீர்கள். விசிடிஎஸ்-லைட்டில் காம் 1 முதல் 4 வரைதான் தேர்வு செய்ய முடியும்; உங்களுடையது 7-ல் உட்கார்ந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் போய் 3 அல்லது 4 ஆக மாற்றுங்கள். 'பயன்பாட்டில் உள்ளது' என்று எச்சரித்தால், பெரும்பாலும் அது முன்பு செருகிய ஏதோ ஒரு கருவியின் மிச்சப் பதிவு. வியூ மெனுவில் மறைந்த கருவிகளைக் காட்டச் சொல்லி அதை நீக்கிவிடுங்கள். பிறகு கேபிளைக் காரில் செருகி, இக்னிஷன் ஆன் செய்து 'டெஸ்ட்' அழுத்துங்கள். கே-லைனுக்கு, அதாவது கேபிள் காரின் கட்டுப்பாட்டுக் கணினிகளோடு பேசும் கம்பிக்கு, காரின் 12 வோல்ட் வேண்டும். மேசையில் வைத்துச் சோதித்து, கேபிள் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

பதில் 2:
கேபிளில் என்ன சிப் என்றும் பாருங்கள். டிவைஸ் மேனேஜர் காட்டும் ஹார்டுவேர் ஐடியில் 0403 இருந்தால் எஃப்டிடிஐ, 1ஏ86 இருந்தால் சிஎச்340. எஃப்டிடிஐ என்றால் அதே அட்வான்ஸ்ட் பக்கத்தில் லேட்டன்சி டைமர் (வந்த தரவைக் கணினிக்கு அனுப்பும் முன் சிப் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிசெகண்டாக இருக்கும். 1 அல்லது 2 ஆக்குங்கள். இணைப்பு கிடைத்துப் பாதியில் அறுவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

பழைய விண்டோஸை விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டலாம் என்பார்கள். கே-லைனில் நேர இடைவெளி பிசகினால் தொடர்பு அறுந்துவிடும், அது கடைசி வழியாக இருக்கட்டும். இணைப்பு நிலையாகும்வரை பிழைக் குறியீடு மட்டும் வாசியுங்கள். கோடிங் (காரின் அமைப்புகளை மாற்றுவது) பக்கம் போகவே வேண்டாம்.