பிளட்டர் செயலியில் டேபிள் காலண்டர்: செவ்வாயும் சனியும் ஒரே எழுத்தாகத் தெரிகின்றன, நிகழ்வுப் புள்ளிகள் தெரியவே இல்லை

கேள்வி (பாடாங் செராய், கெடா)

அனைவருக்கும் வணக்கம். பகலில் செம்பனை ஆலையில் எடைக் கிராணியாக வேலை பார்க்கிறேன்; இரவில், எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காக ஒரு சிறு செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். விடுமுறை, தேர்வு, கூட்டம் ஆகிய அனைத்தையும் பெற்றோர் தமிழிலேயே பார்க்க வேண்டும் என்பது நோக்கம். சிலரிடம் ஆண்ட்ராய்டும் சிலரிடம் ஐபோனும் இருப்பதால், ஒரே நிரலில் இரண்டுக்கும் செயலி எழுத உதவும் பிளட்டரைத் தேர்ந்தெடுத்தேன். நாட்காட்டியை நானே வரைய முயன்று கைவிட்டு, பிறர் எழுதி வெளியிட்டுள்ள டேபிள் காலண்டர் தொகுப்பைச் சேர்த்தேன்.

மொழியைத் தமிழுக்குரிய ‘டிஏ’ என்று குறித்தவுடன், பிழையைக் காட்டும் சிவப்புத் திரை வந்தது. முதன்மைச் செயற்கூறில், செயலி தொடங்குவதற்கு முன்பாக, மொழிவாரித் தேதித் தரவை ஏற்றும் ‘இனிஷியலைஸ் டேட் ஃபார்மேட்டிங்’கை அழைத்துக் காத்திருந்ததும் அது நீங்கிவிட்டது. எஞ்சியவற்றுக்கே உதவி வேண்டும்.

கிழமைப் பெயர்கள் வெட்டுப்படுகின்றன. ‘புத.’ என்பதில் புகரத்தின் கீழ்ச்சுழி இல்லை, ‘வெள்.’ என்பதில் மேற்புள்ளி இல்லை. இடம் போதவில்லை என்று எண்ணி, தொகுப்பின் விளக்கத்தில் கண்டபடி, கிழமைப் பெயரின் வடிவத்தை மாற்றும் ‘டவ் டெக்ஸ்ட் ஃபார்மேட்டர்’ வழியாகப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்தேன். அதன்பின் கிழமை வரிசை இவ்வாறு தெரிகிறது: ஞ, த, ச, ப, வ, வ, ச.

வார இறுதிக்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். சனியும் ஞாயிறும் சிவக்கின்றன. எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியுமே விடுமுறை என்பதால், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் ஞாயிறு சிவப்பாகவும், வீட்டிலிருக்கும் வெள்ளி கறுப்பாகவும் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நிகழ்வுப் பட்டியலில் தரவு இருந்தும் நாள்களின் கீழ் நிகழ்வைக் குறிக்கும் ஒரு புள்ளிகூட வரவில்லை.

மறுமொழி 1 (ஈப்போ)

பழைய கட்டுமானக் கோப்புகளை நீக்கும் ‘பிளட்டர் கிளீன்’ கட்டளையை இயக்கிவிட்டு, ஐஓஎஸ் அடைவுக்குள், ஐபோன் பக்கத் தொகுப்புகளை நிறுவும் ‘பாட் இன்ஸ்டால்’ செய்து பாருங்கள், ஐயா. புதிய தொகுப்பைச் சேர்த்தால் எனக்கு எப்போதும் இதுதான் கைகொடுத்திருக்கிறது.

மறுமொழி 2 (கூலிம்)

மேலே நண்பர் சொன்ன வழி, கேமரா போன்ற, கைப்பேசியின் சொந்த நிரலைத் தொடும் தொகுப்புகளுக்குப் பொருந்தும். டேபிள் காலண்டர் முழுவதும் பிளட்டரின் நிரல்மொழியான டார்ட்டில் எழுதப்பட்டது. ஐஓஎஸ் பக்கம் அதற்கென்று நிறுவ எதுவும் இல்லை. சேர்த்ததில் உங்களிடம் பிழை இல்லை, தம்பி. நம் மொழியும் நம் மாநில விடுமுறையும் அதன் இயல்நிலை மதிப்புகளோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

கிழமை வரியின் உயரம் இயல்பாக 16 அலகு. மேலும் கீழும் குறிகள் ஏறி இறங்கும் நம் எழுத்துக்கு அது போதாது. ‘டேஸ் ஆஃப் வீக் ஹைட்’ மதிப்பை 28 அளவுக்கு உயர்த்துங்கள். தாத்தா பாட்டிமார் கைப்பேசியில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள் என்பதால், அந்த 28ஐ ‘டெக்ஸ்ட் ஸ்கேலர்’ கொண்டு பெருக்கிக் கொடுப்பது இன்னும் நல்லது.

முதலெழுத்துச் சிக்கல்தான் இந்தக் கேள்வியில் என்னை மிகவும் ஈர்த்தது. அந்த எடுத்துக்காட்டு, பெயரின் பூச்சியமாவது இடத்தில் இருப்பதை எடுக்கிறது. ஆங்கிலத்தில் அங்கே ஒரு முழு எழுத்து இருக்கும். ஆனால் யுனிகோடில் ‘செ’ என்பது சகரமும் எகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். டார்ட் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, கொம்பை உதிர்த்துவிடுகிறது. ஆகவே செவ்வாயும் சனியும் ‘ச’ ஆயின. வியாழனும் வெள்ளியும் ‘வ’ ஆயின. சதுர அடைப்புக்குறியில் பூச்சியம் இடுவதற்குப் பதிலாக, ‘கேரக்டர்ஸ்’ பண்பின் ‘ஃபர்ஸ்ட்’ மதிப்பை எடுங்கள். அது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை ஒன்றாகவே எண்ணும் என்பதால், ஞா, தி, செ, பு, வி, வெ, ச என்று ஏழும் வேறுவேறாக நிற்கும்.

‘வீக்எண்ட் டேஸ்’ பட்டியலில் வெள்ளியையும் சனியையும் தாருங்கள். வாரத் தொடக்கம் இயல்பாகவே ஞாயிறு என்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. இரண்டு சிவப்பு நாள்களும் வலக்கோடியில் சேர்ந்து நிற்கும். ஆனால் மாநிலத்தை நிரலுக்குள் நிலையாக எழுதிவிடாதீர்கள். ஜொகூர் 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பியது நினைவிருக்கும். பினாங்குக்கு வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் அந்த இரு நாள்கள்தாம் ஓய்வு. அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவாக வைத்துவிடுவது எளிது.

புள்ளிகள் வராததன் காரணம், உங்கள் நிகழ்வுப் பட்டியலின் திறவுகோல்களாக, அதாவது நிகழ்வைத் தேட உதவும் தேதி மதிப்புகளாக இருக்கலாம். அவற்றை எப்படி உருவாக்குகிறீர்கள் என்று காட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. கிழமை வரிசை சரியாகிவிட்டது. இவ்வளவு நாளும் எழுத்துருவின் மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் சாதாரண ‘டேட் டைம்’ வழியாகக் கொடுத்துத் திறவுகோலை உருவாக்குகிறேன். தொகுப்பு யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் தேடுகிறது என்று படித்ததால், நேற்று ஒவ்வொரு திறவுகோலையும் ‘டு யுடிசி’ கொண்டு மாற்றி, நாளை மட்டும் ஒப்பிடும் ‘ஈஸ் சேம் டே’யையும் சேர்த்தேன். புள்ளிகள் வந்துவிட்டன, ஆனால் எல்லாம் ஒரு நாள் முன்னதாக வந்துள்ளன. ஆகஸ்ட் 31ஆம் நாளுக்கு உரிய தேசிய தினம் 30இல் நிற்கிறது. சோதனைக்காக நிறுவித் தந்த ஒரு தாயார், விடுமுறை மாறிவிட்டதா என்று கேட்டுவிட்டார்.

மறுமொழி 2 (கூலிம்)

இரண்டு மாற்றங்களில் ஒன்று சரி, மற்றொன்று வேண்டாதது. தொகுப்பு ஒவ்வொரு நாளையும் யுடிசி நள்ளிரவாகவே கேட்கிறது. டார்ட்டில் உள்ளூர் நேரத்தில் அமைந்த ‘டேட் டைம்’ ஒன்றும் யுடிசியில் அமைந்த ஒன்றும் ஒருபோதும் சமமாகா என்பதால், உங்கள் முதல் வடிவத்தில் எதுவும் பொருந்தவில்லை. ‘டு யுடிசி’ என்பதோ பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவதில்லை. கடிகாரத்தையே பின்னுக்குத் தள்ளுகிறது. நாம் எட்டு மணி நேரம் முந்தியிருப்பதால், இங்கே 31ஆம் தேதி நள்ளிரவு என்பது அங்கே 30ஆம் தேதி மாலை 4 மணி.

திறவுகோலை ‘டேட் டைம் டாட் யுடிசி’ கொண்டு நேரடியாக 2025, 8, 31 என்று உருவாக்குங்கள். அல்லது உள்ளூர் நேரத்திலேயே விட்டுவிட்டு, நிகழ்வுகளைச் சேமிக்கும் ‘லிங்க்டு ஹேஷ் மேப்’பில் ‘ஈஸ் சேம் டே’யை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழியில், திறவுகோலைத் தேடப் பயன்படும் எண்ணான ‘ஹேஷ் கோடு’ம் நாள், மாதம், ஆண்டு மூன்றிலிருந்து மட்டுமே கணக்கிடப்பட வேண்டும், அதை மறந்தால் புள்ளிகள் மறுபடியும் மறைந்துவிடும். நான் முதல் வழியையே விரும்புவேன். ஆறு மாதம் கழித்து நிரலைத் திறக்கும்போது விளங்கும்.

கேள்வி கேட்டவர்

முதல் வழியில் மாற்றினேன். தேசிய தினம் 31க்கு வந்துவிட்டது. மேற்பகுதிப் பொத்தானில் ‘2 வீக்ஸ்’ என்று ஆங்கிலம் மட்டும் எஞ்சியிருந்தது. அந்தச் சொற்கள் மொழித் தரவிலிருந்து வருவதில்லை, ‘அவைலபிள் காலண்டர் ஃபார்மேட்ஸ்’ பட்டியலில் நாமே எழுத வேண்டும் என்று கண்டுகொண்டேன். அந்தப் பொத்தான் இப்போதுள்ள காட்சியை அல்லாமல், அடுத்து வரப்போகும் காட்சியின் பெயரைக் காட்டுவதால் பெற்றோர் குழம்புவார்கள் என்று தோன்றியது. ஆகவே தலைப்பின் அமைப்பில் அதை மறைத்துவிட்டேன்.

இன்னொன்று: தேதி தெரிவுப் பெட்டியையும் தமிழில் காட்ட ‘பிளட்டர் லோக்கலைசேஷன்ஸ்’ சேர்த்தபோது, தேதியை மொழிக்கேற்ப வடிவமைக்கும் ‘இன்டில்’ தொகுப்பின் பதிப்பு முரண்பட்டு நிறுவல் நின்றுவிட்டது. தொகுப்புகளைப் பட்டியலிடும் பப்ஸ்பெக் கோப்பில் அதன் பதிப்பு எண்ணை நீக்கி, எதுவானாலும் சரி என்னும் பொருளில் ‘எனி’ என்று இட்டேன். பிளட்டர் தனக்கு வேண்டிய பதிப்பைத் தானே நிலைநிறுத்திக்கொண்டது. அந்தத் தாயாரின் கைப்பேசியில் இன்று மாலை புதிய பதிப்பை நிறுவுகிறேன்.