எம்எஸ் பட்டம் வாங்க உண்மையில் என்னென்ன முடிக்க வேண்டும்? ட்ரிபிள்இ படித்தவள் கேட்கிறேன்

சோழவந்தான் தென்றல்:

வணக்கம். மதுரை பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் ட்ரிபிள்இ (எலெக்ட்ரிகல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) படித்து 2024-ல் முடித்தேன். 2017 ரெகுலேஷன், அதாவது அந்த வருடப் பாடத்திட்டம். இப்போது கப்பலூரில் பேனல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அமெரிக்காவில் எலெக்ட்ரிகல் அண்ட் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் எம்எஸ் முதுநிலைப் படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்தில் அட்மிட் கிடைத்திருக்கிறது.

கன்சல்டன்சியில் விசா, லோன், டிக்கெட் வரைக்கும் எல்லாம் சொல்கிறார்கள். சேர்ந்த பிறகு பட்டம் வாங்க என்ன செய்யணும் என்று கேட்டால் மட்டும் "அங்கே போனால் தெரிஞ்சிரும்" என்கிறார்கள். அப்பா தென்னந்தோப்பை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார், அதனால் போன பிறகு தெரிந்துகொள்ளலாம் என்று என்னால் இருக்க முடியவில்லை. வந்திருக்கும் படிவத்தில் 30 கிரெடிட் என்றும், தீசிஸ் (ஆய்வேடு எழுதுவது) அல்லது நான்-தீசிஸ் இரண்டில் ஒன்றைக் குறிக்கவும் என்றும் போட்டிருக்கிறது. இந்த 30 கிரெடிட் என்றால் எத்தனை பாடம்? தீசிஸ் எடுப்பதா வேண்டாமா? ட்ரிபிள்இ படித்துவிட்டுப் போனால் கம்ப்யூட்டர் பக்கப் பாடங்களில் திணறுவேனா? இதெல்லாம் வேண்டாம், கேட் நுழைவுத் தேர்வு எழுதி இங்கேயே எம்இ படி என்று வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. அதைப் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுத்தாவணி டு டெக்சஸ்:

முதலில் வாழ்த்துகள் தங்கச்சி. சேருவதற்கு முன்னாலேயே இதைக் கேட்பது ரொம்ப நல்லது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெரும்பாலான எலெக்ட்ரிகல் அண்ட் கம்ப்யூட்டர் துறைகளில் எம்எஸ்ஸுக்கு 30 கிரெடிட்தான் கணக்கு. பர்டூ, ஜார்ஜியா டெக் எல்லாம் 30. ஒரு பாடம் பொதுவாக 3 கிரெடிட், ஆக பத்துப் பாடம். தீசிஸ் எடுத்தால் அதற்கே 6 கிரெடிட் அளவில் போய்விடும், மிச்சம் எட்டுப் பாடம். செமஸ்டருக்கு 9 கிரெடிட், அதாவது மூன்று பாடம் எடுப்பது வழக்கம், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு முழுநேரம் என்று கணக்காவதும் பெரும்பாலும் அந்த அளவுதான். அதனால் ஒன்றரை வருடத்தில் இருந்து இரண்டு வருடம் ஆகும். முழுநேரக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒரு செமஸ்டருக்கு ஒன்றுதான் சேரும், எல்லாவற்றையும் ஆன்லைனில் எடுத்துவிட்டு வேறு ஊரில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஆனால் எந்தப் பத்துப் பாடத்தையும் எடுத்துவிட முடியாது, நம் ஊரில் இருந்து போகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். துறையைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள்: பவர், கன்ட்ரோல், சிக்னல் பிராசஸிங், விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு), கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், மின்காந்தவியல் என்று போகும். உன் முக்கியப் பகுதியில் இத்தனை பாடம், வெளிப் பகுதியில் குறைந்தது இத்தனை, கீழ்வகுப்புப் பாடம் இத்தனைக்கு மேல் கணக்கில் சேராது என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு விதி இருக்கும். முதல் வருடத்துக்குள் "பிளான் ஆஃப் ஸ்டடி" என்ற படிவத்தில் என்னென்ன எடுக்கப் போகிறாய் என்று எழுதி அட்வைசரிடம் கையெழுத்து வாங்கணும். அந்தப் படிவத்தில் இல்லாத பாடத்தைப் படித்தால் படித்த அறிவு மிஞ்சும், பட்டத்துக்குச் சேராது.

அப்புறம் மதிப்பெண். 4-க்கு 3.0 சராசரி இருக்கணும் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் விதி, அதாவது சராசரியாக பி கிரேடு. அதற்குக் கீழே இறங்கினால் ப்ரொபேஷன், அதாவது எச்சரிக்கைக் காலம், அடுத்த செமஸ்டரும் ஏறவில்லை என்றால் வெளியே அனுப்பவும் வாய்ப்பு உண்டு, வெளியே அனுப்பினால் விசாவும் போச்சு. அரியர் வைத்து அடுத்த நவம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி பணம் கட்டி மறுபடி முழுப் பாடமும் உட்காரணும். அதோடு, வீட்டுப்பாடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கி எழுதுவது இங்கே சாதாரணம், அங்கே அது ஒழுங்கு விசாரணை. நல்லாப் படிக்கிற பிள்ளைகள் இதில் மாட்டி அழுததைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

திருப்பரங்குன்றம் டீச்சர்:

ஒரு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ, அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பாடம் எடுக்கிறேன். உன் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் தென்றல்.

ட்ரிபிள்இ படித்ததால் தகுதி குறையாது. அங்கே மின்சாரமும் மின்னணுவும் கணினியும் ஒரே துறைக்குள் இருப்பதால் பவர் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் நீ தாராளமாகப் போகலாம். நம் பக்கத்திலேயே கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது, அந்த அளவு மின்சாரத்தை டிசியில் இருந்து ஏசியாக்கி கிரிட்டில் சேர்க்க இன்வெர்ட்டர் வடிவமைப்பும் கன்ட்ரோலும் தெரிந்தவர்கள் வேண்டும், அது முழுக்க ட்ரிபிள்இ அடிப்படைதான். ஆனால் 2017 ரெகுலேஷனில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஈசிஇ பிள்ளைகளுக்கு ப்ராபபிலிட்டி (நிகழ்தகவு) அண்ட் ராண்டம் பிராசஸ் என்று தனிப் பாடம் இருந்தது, உங்களுக்கு டிரான்ஸ்ஃபார்ம்ஸும் நியூமெரிக்கல் மெத்தட்ஸும்தான். மேற்படிப்பில் சிக்னல் பிராசஸிங், கம்யூனிகேஷன், மெஷின் லேர்னிங் எது எடுத்தாலும் முதல் வாரத்திலேயே ராண்டம் வேரியபிளில் தொடங்குவார்கள். கூடவே லீனியர் ஆல்ஜீப்ராவும் சரியாக இருக்கணும், ஐகன் மதிப்பு கண்டுபிடிக்கும் கணக்கு போட்டால் மட்டும் போதாது, வெக்டர் ஸ்பேஸ் என்றால் என்ன என்று புரியணும். இரண்டுக்குமே என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி ஆசிரியர்களின் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைக்கே தொடங்கு. கம்ப்யூட்டர் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் டேட்டா ஸ்ட்ரக்சரும் டிஜிட்டல் லாஜிக்கும் தூசி தட்டிக்கொள். இந்த அடிப்படை இல்லை என்று துறை நினைத்தால் இளநிலைப் பாடங்களை முதலில் முடிக்கச் சொல்வார்கள், அவை 30 கிரெடிட்டில் பெரும்பாலும் சேராது, கட்டணம் மட்டும் சேரும். அட்மிட் கடிதத்தில் அப்படி ஏதும் நிபந்தனை இருக்கிறதா என்று ஒரு வரி விடாமல் படி.

இங்கே எம்இ படிப்பதைக் குறைவாக நினைக்காதே. இரண்டு வருடம், நான்கு செமஸ்டர், மூன்றாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் முதல் கட்டம், நான்காவதில் இரண்டாம் கட்டம், 75 சதவீத வருகை. சேர கேட் மதிப்பெண் அல்லது சீட்டா-பிஜி என்ற மாநில நுழைவுத் தேர்வு. 2023 முதல் எம்இ-க்குப் பழைய டான்செட் தேர்வுக்குப் பதில் சீட்டாதான். பிஇ-யில் 50 சதவீதம் வேண்டும், தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. கேட் தகுதியோடு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகரித்த கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். 1957-ல் தொடங்கிய தியாகராசர் கல்லூரி மாதிரி நல்ல இடம் வீட்டில் இருந்து போய்வரும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே எம்இ என்பது பவர் சிஸ்டம்ஸ், கம்யூனிகேஷன், விஎல்எஸ்ஐ என்று சேரும்போதே பிரிந்துவிடும், நடுவில் மாற முடியாது. உனக்கு எது வேண்டும் என்று இப்போதே தெரிந்தால் அது குறையே இல்லை.

வில்லாபுரம் பாண்டி:

லோன் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தென்னந்தோப்பு வருவாய்த்துறைப் பதிவில் விவசாய நிலமாக இருந்தால் கல்விக்கடனுக்கு ஈடாகப் பல வங்கிகள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் பாப்பா. வீடு அல்லது மனை கேட்பார்கள். பொதுத்துறை வங்கியில் ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஈடு இல்லாமல் தரும் திட்டம் இருக்கிறது, அதற்கு மேலே போகும்போதுதான் பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம். அப்பாவை அலைய விடுவதற்கு முன்னால் வங்கி மேலாளரை நேரில் பார்த்து எது ஈடாகும் என்று கேட்டுவிடுங்கள். வங்கி எடுக்கவில்லை என்று வெளியே வட்டிக்கு வாங்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

நத்தம் ரோடு வாசகன்:

வேறு வழிகளும் இருக்கிறது அக்கா. ஐஐடி மெட்ராஸில் எம்எஸ் பை ரிசர்ச், அதில் பாடங்கள் குறைவு, ஆராய்ச்சியும் தீசிஸும்தான் பட்டம், இரண்டு வருடத்தைத் தாண்டும். ஜெர்மனி என்றால் 120 ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட் கணக்கு), அதில் தீசிஸ் மட்டும் 30, தீசிஸ் இல்லாமல் பட்டமே இல்லை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ, மியூனிக் டெக்னிகல் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறார்கள். நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று கட்டாயம். அங்கே நம் பிஇ பாடங்களை ஒவ்வொன்றாக அவர்கள் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், டீச்சர் சொன்ன ப்ராபபிலிட்டி ஓட்டை அங்கே சேரும்போதே இடிக்கும். நான் கலைஞர் நூலகத்தில் கேட் படிக்கிறேன், ட்ரிபிள்இ பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள், இந்தப் பாதை என்று முடிவெடுத்தால் வாங்க.

சோழவந்தான் தென்றல்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், ப்ராபபிலிட்டி விஷயம் யாருமே சொல்லவில்லை, இன்று இரவே தொடங்குகிறேன். பாண்டி அண்ணா, தோப்பு விவசாய நிலம்தான், திங்கட்கிழமை அப்பாவோடு வங்கிக்குப் போகிறேன்.

டெக்சஸ் அண்ணா, தீசிஸா இல்லையா என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லையே. தீசிஸ் எடுத்தால் வேலை கிடைப்பது தாமதமாகும் என்று கன்சல்டன்சியில் நான்-தீசிஸ் போடச் சொல்கிறார்கள். எனக்கு இன்வெர்ட்டர் கன்ட்ரோலில் உண்மையிலேயே ஆசை இருக்கிறது. அங்கே ஒரு பேராசிரியருக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை.

மாட்டுத்தாவணி டு டெக்சஸ்:

அதைத் தனியாகச் சொல்லணும் என்றுதான் விட்டேன்.

தீசிஸ் என்றால் ஒரு பேராசிரியர் உன்னை எடுத்துக்கொள்ளணும், அதுதான் முதல் நிபந்தனை. நீ படிவத்தில் டிக் அடித்துவிட்டாய் என்பதற்காக யாரும் கைடாக வர மாட்டார்கள். பொதுவாக மூன்று பேராசிரியர்கள் கொண்ட கமிட்டி, அவர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு, அது முடிந்ததும் அவர்கள் சொன்ன திருத்தங்கள், பிறகு விளிம்பு அளவு வரைக்கும் சரிபார்க்கும் அலுவலகம், எல்லாவற்றுக்கும் தேதி. ஒரு தேதி தவறினால் பட்டம் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப் போகும், அந்தச் செமஸ்டருக்கும் குறைந்தபட்சம் ஒரு கிரெடிட்டாவது பதிவு செய்யச் சொல்லலாம். இவ்வளவுக்கும் பலன் என்ன என்றால், ஆய்வு உதவியாளர் வேலை, அதாவது ஆர்ஏ, தீசிஸ் மாணவர்களுக்குத்தான் பெரும்பாலும் போகும். வாரம் 20 மணி நேரம், பல இடங்களில் கல்விக் கட்டணத்தில் பெரிய பங்கு குறையும், மாதச் சம்பளமும் வரும். உன் வீட்டு நிலைமைக்கு இது சின்ன விஷயம் இல்லை. பிஎச்டி ஆசை இருந்தால் தீசிஸ் கிட்டத்தட்ட அவசியம்.

நான்-தீசிஸில் பத்துப் பாடம், சில துறைகளில் கடைசியில் ஒரு ப்ராஜெக்ட்டோ பொதுத் தேர்வோ இருக்கும். வேலைக்குப் போக அதுவே போதும். முடித்த பின் 12 மாதம் ஓபிடி, அதாவது அங்கேயே வேலை பார்க்கும் அனுமதி, ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பு என்பதால் மேலே 24 மாதம், இது இரண்டு வழியிலும் ஒன்றுதான். அதனால் தீசிஸ் எடுத்தால் வேலை போய்விடும் என்று கன்சல்டன்சி சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

பேராசிரியர் பதில் போடாதது சாதாரணம். ஒரு வாரம் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி எழுது, அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு அதில் ஒரு குறிப்பான கேள்வியோடு எழுது. "உங்கள் ஆய்வில் ஆர்வம்" என்ற பொது மெயிலைத் திறக்கக்கூட மாட்டார்கள். கப்பலூரில் நீ பேனல் டெஸ்டிங் பார்க்கிறாயே, அதை எழுது. நிஜ உபகரணத்தைத் தொட்ட மாணவி பவர் லேபுக்கு வேண்டிய ஆள்.

இப்போதைக்கு நான்-தீசிஸ் என்று குறித்துவிட்டு முதல் செமஸ்டருக்குள் தீசிஸுக்கு மாற அனுமதிக்கும் துறைகள் நிறைய இருக்கின்றன, உன் துறையில் அது உண்டா என்பதுதான் கேள்வி. துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் இருப்பார், அவருக்கு எழுது. மாறலாமா, எந்தத் தேதிக்குள் மாறணும் என்று கேள். என் பிஇ பாடங்களைப் பார்த்தால் கூடுதலாக இளநிலைப் பாடம் எடுக்கச் சொல்வீர்களா என்று கேள். நான் சேரும் வருடத்துக்கான கிராஜுவேட் ஹேண்ட்புக் (விதிக் கையேடு) எது என்று கேள், ஏனென்றால் சேர்ந்த வருடத்து விதிதான் பொதுவாக உனக்குப் பொருந்தும், பழைய பிடிஎஃப்பை வைத்து நீயாக முடிவு பண்ணாதே. அப்படியே அண்ணா பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு, அது போய்ச் சேராவிட்டால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடாமல் நிறுத்தி வைப்பார்கள்.

திருப்பரங்குன்றம் டீச்சர்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பின்னாளில் இங்கே திரும்பி வந்து கல்லூரியில் ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் பிஇ, எம்இ இரண்டும் தொடர்புடைய பிரிவில் இருக்கணும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றும் கேட்பார்கள். அதனால் அங்கே படிக்கும் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்.

சோழவந்தான் தென்றல்:

கோஆர்டினேட்டருக்கு மெயில் போட்டுவிட்டேன். அண்ணா சொன்ன மூன்று கேள்வியோடு, தீசிஸ் மாணவர்களில் ஆர்ஏ எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன், அதுவரை படிவத்தில் எதையும் குறிக்கவில்லை.