கலைச்சொல் தேவை: இழுவை வீட்டுக்குள் சாமான் உருளாமல் கட்டிவைப்பதற்கு

குழுவினர்க்கு வணக்கம்.

கப்பலூர்ப் பக்கம் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். டிராக்டர் டிரெய்லரும் தண்ணீர் டேங்கரும் செய்துகொண்டிருந்தவர், போன வருடம் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வீடு ஒன்று செய்தார். இரண்டு கட்டில், அடுப்பு மேடை, சின்ன ஃபிரிட்ஜ், மேலே சுற்றிலும் அலமாரி. கேரவன் என்று எழுத வேண்டாம் என்கிறார். நம் ஊரில் அப்படிச் சொன்னால் ஷூட்டிங்கில் நடிகர் ஏறி உட்காரும் ஏசி வண்டிதான் நினைவுக்கு வரும். பெயர்ச் சண்டையை வேறு மடலில் வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு இழுவை வீடு.

கதவின் உள்பக்கம் ஒட்டுவதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார். வண்டியை எடுக்கும் முன் உள்ளே எதை எப்படிப் பூட்டிக் கட்டி வைப்பது என்று. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தட்டுகிறது. அந்த மொத்த வேலைக்கு என்ன பெயர்?

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்றால், அந்த வண்டியில் முதலில் போனது நாங்கள்தான். சாப்டூருக்கு அந்தப் பக்கம் எங்கள் குலதெய்வம். தங்க இடம் கிடையாது. இரண்டு ராத்திரி வண்டியிலேயே தங்கிவிடலாம் என்று திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர் வழியாகப் போனோம். தார் ரோடு வரை சரி. கடைசியில் கண்மாய்க் கரை மண் ரோடு. காருக்குள் இருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தை தூங்கிக்கொண்டே வந்தார்.

இறங்கிப் பின்வண்டிக் கதவைத் திறந்ததும் பெருங்காய வாடை. பின்பக்க அலமாரி மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மாவுத் தூக்குவாளி ஒரு மூலையில், மூடி இன்னொரு மூலையில். இட்லி மாவு கட்டிலுக்கு அடியில் ஓடி, அதன்மேல் புழுதி படிந்து, வாசலில் சாணி மெழுகிய மாதிரி ஆகியிருந்தது. நார்த்தங்காய் ஜாடி நாலு துண்டு. ஃபிரிட்ஜ் கதவு ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் பாருங்கள், நடுவில், சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த பெட்டிக்குள் அத்தை பழைய சேலையில் சுற்றி வைத்த காமாட்சி விளக்கும், அதன் இடுக்கில் துண்டுக்குள் செருகிய ஆறு முட்டையும் வைத்தது வைத்தபடி இருந்தன. கீறல்கூட இல்லை.

அன்றைக்குப் புரிந்தது இரண்டு விஷயம். காருக்கு ஷாக் அப்சார்பர் இருக்கிறது. பின்வண்டிக்கு வெறும் ஸ்பிரிங் பட்டைதான். பாரம் குறைவாக இருந்தால் பட்டை விறைத்துக்கொண்டு இன்னும் மோசமாகத் தூக்கிப்போடும். அதிலும் அச்சுக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் ஏற்றப்பலகையின் நுனி மாதிரி அதிகம் எகிறும். இரண்டாவது, வேகத்தடை. என் வீட்டுக்காரர் கார் தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதித்துவிடுகிறார். பின்வண்டிச் சக்கரம் அப்போதுதான் வேகத்தடைக்கு வருகிறது! ஊருக்கு ரெண்டு வேகத்தடை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியவை: கொக்கியின் மேல் டிரெய்லர் அழுத்துகிற எடைக்கு ஒரு சொல். வண்டி பக்கவாட்டில் ஆடுவதற்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே கட்டிவைக்கும் வேலைக்கு ஒன்று. கதவில் ஒட்டுவது டிரைவர் படிப்பதற்கு. அதை மறந்துவிடாதீர்கள்.

— கப்பலூர் மடல்காரி

——

> கொக்கியின் மேல் டிரெய்லர் அழுத்துகிற எடை
> உள்ளே கட்டிவைக்கும் வேலை

அன்புடையீர்,

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் முறையே ‘இணைமுனைச் செங்குத்துச் சுமை’, ‘பக்கவாட்டு அலைவு’, ‘உள்ளகப் பெயர்ச்சித் தடுப்பு’ என்பவற்றைப் பரிந்துரைக்கிறேன். மூன்றும் பொருள் மயக்கம் அற்றவை. காந்தம் வைத்த அலமாரிப் பிடிக்குக் ‘காந்தப்பற்றி’ எனலாம். வழக்குச் சொற்களைக் கலைச்சொல்லாக்கினால் இடத்துக்கு இடம் பொருள் மாறும் என்பதைக் கருத்தில் கொள்க.

— பசுமலை

——

அக்கா, பசுமலை ஐயா கோவிச்சுக்கக் கூடாது. பெயர்ச்சித் தடுப்பு என்றால் எங்கள் மேலூர்ப் பக்கம் சனிப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் என்று நினைத்து எள் விளக்கோடு வந்து நிற்பார்கள்.

முதல் சொல்லுக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். முன்பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம். நுகத்தடி மாட்டுக் கழுத்தை அமுக்கும். பின்னால் போனால் பின்பாரம். நுகம் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் வண்டியில் பாரம் ஏற்றியதும் வண்டியின் முன்முனையான மூக்கணையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் தாத்தா மாட்டைப் பூட்டுவார். மாடு இருந்த இடத்தில் கார் இருக்கிறது. கணக்கு அதேதான். அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரம் இருக்க வேண்டும் என்கிறார்கள். 800 கிலோ வண்டி என்றால் 80 முதல் 120 கிலோ. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைப்பார்கள். காரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்பாரம் மிஞ்சினால் வண்டி வால் ஆட்டும். வாலாட்டம் என்றே எழுதுங்கள். நாய்க்கு வாலாட்டினால் நன்றி, டிரெய்லருக்கு ஆட்டினால் ஆபத்து.

உள்ளே கட்டுவதற்குச் சொல் எனக்கும் அகப்படவில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் வருகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூண்டுவண்டி கட்டிக்கொண்டு அழகர் பார்க்க மதுரைக்குப் போன கதை. கீழே ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம், புளியோதரைச் சட்டிக்குப் பிரிமணை. போகும்போது மனிதருக்கு மெத்தை, வைகைக் கரையில் அவிழ்த்துவிட்டதும் மாட்டுக்குத் தீவனம். சட்டி உடைந்ததாக ஒரு கதையும் கேட்டதில்லை.

— மேலூர்

——

எங்கள் மானாமதுரையில் கடம் செய்வது உங்களுக்குத் தெரியும். பானை ஏற்றுகிறவர்களிடம் இன்று காலை கேட்டேன். அவர்கள் சொன்னது: பானை பானையைத் தொடவும் கூடாது, நகர இடமும் இருக்கக் கூடாது. நடுவில் வைக்கோலைத் திணித்து அண்டை கொடுக்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் மட்டும் போதாது. கட்டு இறுக இறுகப் பானை விரிசல் விடும்.

அண்டை நல்ல சொல். தட்டுக்கு நடுவில் வைக்கும் துண்டு, டம்ளர் இடுக்கில் செருகும் ஸ்பாஞ்சு, அலமாரித் தட்டில் விரிக்கும் ரப்பர் வலை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

——

மேலூர்த் தம்பிக்கும் மானாமதுரைக்காரருக்கும் நன்றி. முன்பாரம், வாலாட்டம், அண்டை மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

பசுமலை ஐயாவுக்கு. நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வழக்குச் சொல் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ‘காந்தப்பற்றி’யை எந்த ஆசாரியிடம் சொல்லி வாங்குவது? அவர் அதை மேக்னட் என்கிறார். அதைவிட, சாப்டூர் போய்வந்த பிறகு அந்தப் பொருளுக்கே இந்த வண்டியில் வேலை இல்லை. காந்தம் கதவைத் தொட்டுக்கொண்டிருக்குமே ஒழியப் பிடித்துக்கொண்டிருக்காது. உள்ளே இருக்கும் சட்டி ஒரு முறை எகிறிக் கதவில் முட்டினால் போதும், விட்டுவிடும். பட்டறைக்காரர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொண்டி வைத்திருக்கிறார். தாழ்ப்பாள், கொண்டி, நாதாங்கி. மூன்றும் நம் வீட்டுக் கதவிலேயே இருக்கிற சொல். புதிதாக ஒன்றும் தேவைப்படவில்லை.

மெல்லிய பிளைவுட்டில் ஏற்றிய ஸ்குரூதான் இன்னொரு தலைவலி. அதிர்ந்து அதிர்ந்து துளை பெரிதாகி, அலமாரியே தொங்கிவிடும். அவர் இப்போது பின்னால் சட்டம் கொடுத்து, பசையும் போட்டு முடுக்குகிறார். ஸ்குரூ தளர்வதை அவர் பட்டறையில் ‘நெகிழ்ந்துபோச்சு’ என்கிறார்கள். என்ன அழகான சொல்!

இப்போது பெரிய சொல். மூன்று நாளாக ‘பயணப்பூட்டு’, ‘கட்டடக்கம்’, ‘ஏறக்கட்டு’ என்று எழுதி எழுதி அடித்தேன். ஏறக்கட்டு கொஞ்சம் ஆசை காட்டியது. ஆனால் கடையை மூடிவிட்டுப் போகிற தொனி வந்துவிடுகிறது. நேற்று ராத்திரி அத்தையிடம், “அந்த முட்டையை மட்டும் எப்படி வச்சீங்க?” என்று கேட்டேன். “அலுங்காம குலுங்காம வச்சேன், வேறென்ன” என்றார்.

அலுங்காக்கட்டு.

அலுங்காத கட்டு. ஓடாக்குதிரை, அழியாப்புகழ் மாதிரி, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அடுத்து வல்லினம் வந்தால் மிகும். இலக்கணம் சரியாக உட்காருகிறது. அதைவிட முக்கியம், வாயில் உட்காருகிறது. “அலுங்காக்கட்டு போட்டாச்சா?” என்று வண்டியை எடுக்கும் முன் கேட்கலாம். இன்றைக்கே கேட்டுப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் விளக்கம் கேட்காமல் பின்னால் போய் ஃபிரிட்ஜ் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அவரைவிடக் கடுமையான தேர்வுக்குழு எனக்குத் தெரியாது.

குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது:

அலுங்காக்கட்டு: வண்டி எடுக்கும் முன்

கனமான சாமான் கீழே, அச்சுக்குப் பக்கத்தில், கொஞ்சம் முன்தள்ளி. மேல் அலமாரியில் துணியும் லேசான பொருளும் மட்டும். பின்கோடியில் கனம் வைக்காதே. பின்பாரம், வாலாட்டம் வரும்.
தட்டு, டம்ளர், ஜாடிக்கு அண்டை கொடு. கண்ணாடிப் பொருளைத் துணியில் சுற்றிக் கட்டில் மெத்தைமேல் படுக்கவை.
எல்லாக் கொண்டியும் போட்டாயா? கையால் இழுத்துப் பார். ஃபிரிட்ஜ் கதவுக்குத் தனிக் கொண்டி.
மேஜைக் காலை மடக்கு. டிவியைக் கழற்று.
கேஸ் சிலிண்டர் வால்வை மூடு.
தண்ணீர்த் தொட்டி ஒன்று நிறைய இருக்கட்டும், இல்லையேல் காலியாக இருக்கட்டும்.
வேகத்தடையில் பின்சக்கரம் இறங்கும்வரை ஆக்சிலேட்டரைத் தொடாதே.
புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் ஒரு முறை நிறுத்தி உள்ளே பார். எது அவிழப்போகிறதோ அது அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர்த் தொட்டி வரிக்கு ஒரு விளக்கம். 60 லிட்டர் என்றால் 60 கிலோ. பாதித் தொட்டி ஒவ்வொரு குழியிலும் முன்னும் பின்னும் அடித்து வண்டியையும் சேர்த்து ஆட்டும். நிறைகுடம் தளும்பாது என்று போட்டுவிடலாமா என்று பார்த்தேன்; பட்டறைக்காரர் சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். அந்தத் தொட்டியை அவர் அச்சுக்குப் பின்னால் வைத்திருக்கிறார், அதனால் நிரப்பும்போதெல்லாம் முன்பாரம் குறைகிறது. அடுத்த வண்டியில் முன்னால் கொண்டுவருகிறாராம்.

புழுதி இன்னும் தீரவில்லை. ஓடுகிற பெட்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சந்து பொந்து வழியாகப் புழுதியை உள்ளே உறிஞ்சுகிறது. ஆஸ்திரேலியாக்காரர்கள் இதற்கு மேற்கூரையில் முன்பக்கம் பார்த்த மூடி ஒன்று வைக்கிறார்கள். ஓடும்போது அது காற்றை உள்ளே தள்ளும்; உள்ளழுத்தம் கூடினால் புழுதி வராது. அந்த மூடிக்கு ஒரு சொல் வேண்டும். அதை அடுத்த இழையில் தொடங்குகிறேன்.

— கப்பலூர் மடல்காரி

——

அலுங்காக்கட்டு ஏற்கத்தக்கதே. ஒரே ஒரு தயக்கம். ‘அழுங்கு’ என்பது எறும்புத்தின்னியின் பெயர். லகர ழகரம் பாராமல் உச்சரிப்போர் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

— பசுமலை

——

ஐயா, எறும்புத்தின்னி ஆபத்து வந்தால் தலையை உள்ளே இழுத்துச் சுருண்டு, வாலைச் சுற்றிக் கொண்டி போட்டுக்கொள்ளும். அது நம் கட்சி.

— மேலூர்

——

டவுன்ஹால் ரோட்டு ஸ்டிக்கர் கடையிலிருந்து மாதிரி வந்துவிட்டது. தலைப்பில் ‘அலுங்காகட்டு’ என்று ஒற்றை விழுங்கிவிட்டார்கள். கேட்டதற்கு, “எழுத்து ஒண்ணு கூடினா ரெண்டு வரியா உடையுதுக்கா” என்கிறார் பையன். அண்டையை வேண்டுமானால் சின்ன எழுத்தில் போடு, க் மட்டும் எனக்கு வேண்டும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.