ஏற்றத்தில் மட்டும் மரத்துப்போகிறது: மூன்று சீட் மாற்றியும் சரியாகவில்லை

கரடுப்பாதை:

வணக்கம். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, பின்பக்கம் 130 மி.மீ. வரை அமுங்கும். வாரத்தில் இரண்டு நாள் போகிறேன், ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஓட்டம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. சீட் ஒன்றுதான் பாடாய்ப் படுத்துகிறது. கூச்சத்தை விட்டுக் கேட்கிறேன்.

நீளமான ஏற்றத்தில் இருபது நிமிடம் தாண்டினால், தொடைகளுக்கு நடுவில் சீட்டின் மூக்கு அழுத்துகிற இடம் மரத்துப்போகிறது. இறங்கி நின்றால் ஐந்து நிமிடத்தில் உணர்வு திரும்பிவிடும். சமதரையில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் இது வருவதில்லை. அதோடு இந்த ஒரு மாதமாக உள்தொடை உராய்ந்து சிவந்துபோகிறது, அது இன்னொரு தொல்லை.

இதுவரை மூன்று சீட் பார்த்துவிட்டேன். முதலாவது வண்டியோடு வந்தது, 142 மி.மீ. அகலம். இரண்டாவது, நடுவில் பள்ளம் விட்ட குட்டை மூக்கு சீட், 155 அகலம். அதில் உட்கார்ந்தால் எப்போதும் பின்விளிம்பில் தொங்கிக்கொண்டு இருப்பதுபோல இருந்தது, இரண்டே வாரத்தில் கழற்றிவிட்டேன். இப்போது இருப்பது நல்ல தடிமனான ஜெல் சீட், 180 அகலம். விரலால் அமுக்கினால் உள்ளே போகும், அவ்வளவு மெத்து. ஆனால் மூன்றிலும் மோசம் இதுதான். நாலாவதாக எதை வாங்குவது என்று தெரியவில்லை. பேடு வைத்த ஷார்ட்ஸ் போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

ஸ்பேனர்:

தம்பி, நாலாவது சீட் இப்போ வாங்காதீங்க. கையில இருக்கற மூணுல ஒண்ணு உங்களுக்கு ஆகலாம்னு எனக்குத் தோணுது.

மெத்து சீட் ஏன் மோசமா இருக்குன்னு முதல்ல சொல்லிடறேன். நாம உட்காரும்போது கீழ இறங்கற ரெண்டு எலும்பு முனை இருக்கு, ஒரு கல்லு மேல உட்கார்ந்தா உறுத்துமே அது. நம்ம எடையைத் தாங்க வேண்டியது அந்த ரெண்டும்தான். ஜெல் மேல உட்கார்ந்தா ரெண்டு எலும்பும் அமுங்கி உள்ள போயிடும், போன இடத்துல இருந்த ஜெல் நடுவுல மேடா எழும்பி நிக்கும். எலும்பு இல்லாத அந்த நடு இடத்துலதான் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுது. அதை அமுக்கினா மரத்துப்போகும். எலும்பு வலி ஓட ஓடப் பழகிடும். மரத்துப்போறது பழகற விஷயம் இல்ல, அதைத் தாங்கிக்கிட்டு ஓட்டவே கூடாது. வண்டியை விட்டு இறங்கி மணிக்கணக்காகியும் உணர்வு திரும்பலைன்னா டாக்டரைப் பாருங்க.

இப்போ எனக்கு மூணு அளவு வேணும். கிராங்க் மையத்துலேர்ந்து, அதாவது பெடல் கை சுத்தற அச்சுலேர்ந்து, சீட் மேல்பரப்பு வரைக்கும் உயரம், பழைய சீட்டுல எவ்வளவு, இப்போ எவ்வளவு? சீட்டோட சாய்மானம் எவ்வளவு, அதை எப்படி வெச்சுப் பார்த்தீங்க? குட்டை மூக்கு சீட்டை மாட்டினப்போ முன்பின் இடத்தை எதை வெச்சு முடிவு பண்ணினீங்க?

மலைமுகடு:

ஸ்பேனர் அண்ணன் கேட்டதோடு உங்கள் எலும்பின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். கடைக்குப் போகத் தேவையில்லை. நெளிவு அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கெட்டியான படியிலோ ஸ்டூலிலோ வைத்து, மெல்லிய துணியோடு உட்காருங்கள். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். வண்டியில் குனிகிற அளவுக்கு முன்னால் குனிந்து, கைகளால் ஸ்டூலைப் பிடித்து உடம்பைக் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழி தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். குழிகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். அந்த அளவோடு 20 முதல் 30 மி.மீ. வரை கூட்டினால் தேவையான சீட் அகலம் ஏறத்தாழக் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுபவருக்குக் கொஞ்சம் கூடுதல், நன்றாகக் குனிபவருக்குக் குறைவு.

உடம்பின் பருமனுக்கும் இந்த எலும்பின் இடைவெளிக்கும் சம்பந்தம் இல்லை. நான் ஒல்லி, என் அளவு 138. என்னைப் பார்த்ததுமே ஒல்லியான சீட்டைக் கொடுத்து ஒரு வருடம் அவதிப்பட வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் படிக்கும் பெண்களுக்கு உதவும். நடுவில் ஓட்டை விட்ட சீட் எல்லோருக்கும் நிவாரணம் தராது. எனக்கு அந்த ஓட்டையின் ஓரங்களே அழுத்தி வீக்கம் வந்தது. ஓட்டை இல்லாமல், நீளவாக்கில் ஆழமற்ற பள்ளம் மட்டும் உள்ள சீட்டுக்கு மாறிய பிறகுதான் நின்றது. பள்ளமா ஓட்டையா என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஈரமண்:

தோல் சீட் முயற்சி செய்யுங்கள். நான் ப்ரூக்ஸ் பி17 வைத்திருக்கிறேன். சில நூறு கிலோமீட்டர் ஓடினால் தோல் உங்கள் எலும்புக்கு ஏற்றபடி குழிந்துவிடும், அதற்குப் பிறகு வேறு சீட்டில் உட்காரவே மனம் வராது.

ஸ்பேனர்:

ஈரமண், நீண்ட தூரம் ரோட்டுல போறவங்களுக்கு அது அருமையான சீட், நான் மறுக்கல. ஆனா சேறும் தண்ணியும் தெறிக்கற இடத்துல தோல் நனைஞ்சு தளர்ந்துடும். இறக்கத்துல சீட்டுக்குப் பின்னாடி நழுவிப் போய்த் திரும்பி வரும்போது அந்தப் பின்பக்க விளிம்பு ஷார்ட்ஸைப் பிடிச்சு இழுக்கும். தம்பி ஓட்டற ஓட்டத்துக்கு அது வேண்டாம்.

கரடுப்பாதை:

எல்லாவற்றையும் அளந்துவிட்டேன்.

எலும்பு இடைவெளி 127 மி.மீ. மூன்று தடவை உட்கார்ந்து பார்த்தேன். 126, 127, 127.

உயரம், பழைய சீட்டில் 735. ஜெல் சீட்டில் 757. இதை அளந்தபோதுதான் கவனித்தேன், சீட் மாற்றியபோது அதைத் தாங்கும் போஸ்டை நான் தொடவே இல்லை. 22 மி.மீ. உயர்ந்தது தெரியாமலே ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன்.

சாய்மானம், மூன்று சீட்டுக்கும் ஒரே முறைதான். வண்டியை ஸ்டாண்டில் மாட்டி, சீட்டின் மேல் ஒரு பலகையை வைத்து, போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியால் சுழியமாக வைத்தேன்.

குட்டை மூக்கு சீட்டை, பழைய சீட்டின் மூக்கு நுனி எங்கே இருந்ததோ அதே இடத்துக்கு நேராக வைத்தேன். பழையது 275 மி.மீ. நீளம், இது 245.

ஸ்பேனர்:

ரொம்ப நல்லா அளந்திருக்கீங்க. விஷயம் முழுக்க இதுலயே இருக்கு.

முதல்ல உள்தொடை உராய்வு. ஜெல் அமுங்கறதைக் கழிச்சாலும் சீட் ஒரு சென்டிமீட்டருக்கு மேல உசந்துதான் இருக்கு. பெடல் கீழ போகும்போது கால் எட்டாம, இடுப்பு வலது இடதுன்னு ஆடும். ஒவ்வொரு மிதிக்கும் தோல் தேயுது. சீட்டு அகலம் வேற 180, தொடை இறங்கற வழியில நிக்குது. குதிகாலைப் பெடல்ல வெச்சு, பெடல் அடியில இருக்கும்போது முழங்கால் நேரா வர்ற உயரம் ஒரு நல்ல தொடக்கம். பாதத்தோட முன்பகுதியை வெச்சு மிதிச்சா அப்போ முழங்கால் லேசா மடங்கியிருக்கும். பின்னாடி ஒருத்தரை வரச்சொல்லி இடுப்பு ஆடுதான்னு பார்க்கச் சொல்லுங்க, ஆடினா 3 மி.மீ. 3 மி.மீ.யா இறக்குங்க.

அடுத்தது மரத்துப்போறது. ஸ்டாண்டுல தொங்கற வண்டியில மட்டம் பார்த்தா அது நீங்க உட்கார்ந்து ஓட்டற மட்டம் இல்ல. நீங்க ஏறினதும் பின் ஷாக் கால்வாசிக்கு மேல அமுங்கும். ஏற்றத்துல எடை இன்னும் பின்னாடி போகும், பின்பக்கம் கூடுதலா இறங்கும், முன் ஃபோர்க் எழும்பும். பின்னாடி 30 மி.மீ. இறங்கி முன்னாடி 20 எழும்பினா, ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல 1200 மி.மீ. இருக்கற வண்டியில அது மட்டுமே 2 டிகிரிக்கு மேல வரும். அதுக்கு மேல பாதையோட சாய்வு. 15 சதவீத ஏற்றம்னா எட்டரை டிகிரி. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, வீட்டுல சுழியத்துல இருந்த மூக்கு ஏற்றத்துல கிட்டத்தட்ட 11 டிகிரி மேல பார்க்குது. நீங்களோ முன்சக்கரம் எழும்பாம இருக்கக் குனிஞ்சு முன்னாடி நகர்ந்து, சரியா அந்த மூக்கு மேலயே உட்கார்றீங்க. சமதரையில ஒண்ணும் இல்லாம ஏற்றத்துல மட்டும் மரத்துப்போறதுக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியல.

இப்போ அந்தக் குட்டை மூக்கு சீட். அதைத்தான் நீங்க தப்பா ஒதுக்கிட்டீங்கன்னு நினைக்கறேன். 127ஓட 28 கூட்டினா 155, அகலம் பொருந்துது. மாட்டின இடம்தான் தப்பு. சீட்டை மூக்கு நுனியை வெச்சு ஒப்பிடக் கூடாது. 30 மி.மீ. குட்டையான சீட்டை மூக்குக்கு மூக்கு நேரா வெச்சா, உட்கார்ற அகலப்பகுதி மொத்தமா முன்னாடி வந்துடும். உங்க உடம்பு பழைய இடத்துலயே உட்காரும், அங்க சீட் இருக்காது, விளிம்புதான் இருக்கும். நீங்க சொன்ன "தொங்கற மாதிரி" அதுதான். சீட்டு அகலம் 80 மி.மீ. வர்ற இடத்தை ரெண்டு சீட்டுலயும் பென்சிலால குறிச்சுக்குங்க. அந்தக் குறி கிராங்க் மையத்துக்கு எவ்வளவு பின்னாடின்னு பழைய சீட்டுல அளந்து, புதுசுலயும் அதே அளவுக்கு நகர்த்துங்க. சீட்டுக்கு அடியில இருக்கற ரெண்டு கம்பிதான் ரெயில், அதுல கோடு போட்டிருக்கும், அதைப் பிடிக்கற கிளாம்ப் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

சாய்மானத்துக்கு: வண்டியைச் சமதரையில சுவரோரமா நிறுத்தி, ஓட்டற உடுப்போட மேல ஏறி உட்காருங்க. இன்னொருத்தர் பக்கத்துலேர்ந்து போட்டோ எடுக்கட்டும். நீங்க உட்கார்ந்திருக்கறப்போ மூக்கு 2 அல்லது 3 டிகிரி கீழ பார்க்கற மாதிரி வைங்க.

நெடுந்தடம்:

ஸ்பேனர் சொன்னதில் ஒரே ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். மூக்கை இறக்கியதும் நிம்மதி கிடைக்கும், அந்த ருசியில் இன்னும் இறக்கத் தோன்றும். நான் 6 டிகிரி வரை போனேன். சமதரையில் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருந்தது, அதைத் தடுக்கக் கைகளை ஊன்றி ஊன்றி உள்ளங்கை மரத்துப்போக ஆரம்பித்தது. கையில் எடை ஏறியதாகத் தெரிந்தால் ஒரு டிகிரி திரும்ப ஏற்றுங்கள். ஹேண்டில்பார் மிகத் தள்ளி இருந்தாலும் இடுப்பு முன்னால் உருண்டு அதே இடம்தான் அழுந்தும், சீட்டில் எல்லாம் சரிசெய்த பிறகும் நிற்காவிட்டால் ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மின் நீளத்தைப் பாருங்கள்.

மலைமுகடு:

பேடு ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடுகிறீர்களா? போட்டால் நிறுத்திவிடுங்கள். தையல் விளிம்புகள்தான் உராய்வுக்கு முதல் காரணம். அது உடம்போடு ஒட்டி இருக்க வேண்டிய துணி. ஓட்டம் முடிந்ததும் ஈரத்தோடு உட்கார்ந்திருக்காமல் உடனே மாற்றுங்கள். மயிர்க்கால்களில் கொப்புளம் வருவது பெரும்பாலும் அந்த ஈரத்தில்தான். தோல் சிவந்திருக்கும்போது இரண்டு நாள் ஓட்டாமல் இருப்பது நல்லது.

கரடுப்பாதை:

ஜட்டி போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் அக்கா. யாரும் சொல்லித் தரவில்லை. இன்றோடு நிறுத்தம்.

குட்டை மூக்கு சீட்டை வெளியே எடுத்து மாட்டிவிட்டேன். 80 மி.மீ. குறிப்படி பார்த்தால் 24 மி.மீ. பின்னால் போக வேண்டியிருந்தது. ரெயில் கோட்டுக்குள் நின்றுவிட்டது. உயரம் 733. உட்கார்ந்து எடுத்த போட்டோவில் மூக்கு 3 டிகிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தது, சமதரையிலேயே! இறக்கி, கீழ்நோக்கி 2 டிகிரி ஆக்கியிருக்கிறேன். மூன்று வாரம் எதையும் மாற்றாமல் ஓட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

கரடுப்பாதை (மூன்று வாரம் கழித்து):

ஆறு தடவை ஓட்டிவிட்டேன். வழக்கமான நீள ஏற்றத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தே ஏறினேன், மரத்துப்போகவில்லை. ஒரே ஒரு நாள், மிகச் செங்குத்தான கடைசித் துண்டில் லேசாக ஆரம்பித்தது, அங்கேயே எழுந்து நின்று பத்து மிதி மிதித்ததும் போய்விட்டது. உராய்வு அறவே இல்லை. அந்த ஏற்றத்தின் உச்சியில் நின்றபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். இனி இந்த ஓட்டமே நமக்கு வேண்டாம் என்று நினைத்த மாதம் இருந்தது.

இப்போது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எலும்பு முனை இரண்டும் வலிக்கிறது. மறுநாளும் உட்காரும்போது தெரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு. இதற்கும் ஏதாவது நகர்த்த வேண்டுமா?

ஸ்பேனர்:

வேண்டாம் தம்பி. எடை போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கு, அந்த இடம் இன்னும் பழகல. ரெண்டு பக்கமும் சமமா இருக்கறது நல்லது. ஒரு பக்கம் மட்டும் வலிச்சா சீட் கோணியிருக்கான்னு பார்க்கச் சொல்லியிருப்பேன். இன்னும் ரெண்டு வாரம் கொடுங்க, கால் மணிக்கு ஒரு தடவை பெடல்ல எழுந்து நில்லுங்க. டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே சீட்டை ஏத்தி இறக்கற போஸ்ட்) இருந்தா கரடான இறக்கத்துல சீட்டை முழுசா இறக்கிடுங்க, அங்க உட்கார்ந்து அடி வாங்க வேண்டியதில்ல.

733, மூக்கு 2 டிகிரி, 80 மி.மீ. குறியோட தூரம், மூணையும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. கிளாம்ப் போல்ட் ரெண்டையும் போஸ்ட்டுல நியூட்டன் மீட்டர்ல எழுதியிருக்கற இறுக்க அளவுக்கு இறுக்கிட்டீங்களான்னு பாருங்க. புதுசா மாட்டின சீட் முதல் சில ஓட்டத்துல நழுவி, மூக்கு திரும்பவும் மேல எழும்பறது உண்டு.

கரடுப்பாதை:

இப்போதுதான் பார்த்தேன். முன் போல்ட் கால் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டேன், 2 டிகிரி அப்படியே இருக்கிறது. ஜெல் சீட்டை இனி மாட்டப்போவதில்லை அண்ணா.