டிசம்பர் பார்ட்டிக்கு சாக்லேட் மின்ட் ஸ்வீட், ஓவன் இல்லாம

கேள்வி: புதுசா வந்திருக்கேன். லீவுக்கு முன்னாடி ஆபீஸ்ல பாட்லக், அதாவது ஆளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டு வர்ற விருந்து, எனக்கு டெசர்ட்னு எழுதிட்டாங்க. ஓவனை தொட்டதே இல்ல. சாக்லேட்டும் மின்ட்டும் வச்சு ஏதோ பண்றாங்களே, அது ஈஸியா? நான் வெஜிடேரியன் வேற.

பதில்: தாராளமா பண்ணலாம். நீங்க சொல்றது பெப்பர்மின்ட் பார்க்னு நினைக்கிறேன். அடியில டார்க் சாக்லேட், மேல வெள்ளை சாக்லேட், அதுக்கும் மேல கேண்டி கேன், அதாவது சிவப்பு வெள்ளை கோடு போட்ட கைத்தடி மிட்டாய், அதை நொறுக்கி தூவணும், இறுகினதும் கைக்கு வந்தபடி உடைக்கணும், அவ்ளோதான். ஓவனே வேண்டாம். கோணல்மாணலா உடைஞ்சாதான் பார்க்க நல்லா இருக்கும், அதனால முதல் தடவை செய்றவங்களுக்கு இதைவிட வசதியானது கிடையாது.

வேலையை விட வாங்கறதுலதான் கவனம் வேணும். வெள்ளை சாக்லேட் லேபிள்ல கோகோ பட்டர் இருக்கான்னு பாருங்க. அதுக்கு பதிலா பாம் ஆயில் மாதிரி வேற கொழுப்பு இருந்தா அது காம்பவுண்ட், சுலபமா இறுகும், ஆனா வாயில மெழுகு மாதிரி ஒட்டும். சாக்லேட் சிப்ஸ் வேண்டாம், சூட்டுல உருவம் கலையாம நிக்கறதுக்குன்னே செய்றது, உருக்கினா கெட்டியா நிக்கும். பார் வாங்கி பொடியா வெட்டிக்கோங்க.

மின்ட் வாசனைக்கு எக்ஸ்ட்ராக்ட்னு எசன்ஸ் மாதிரி ஒண்ணு சின்ன பாட்டில்ல கிடைக்கும், அதுல "பெப்பர்மின்ட்"னு தெளிவா போட்டிருக்கணும். வெறும் "மின்ட்"னு இருந்தா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட்னு இன்னொரு வகை புதினா கலந்திருக்கும், அதுல சூயிங்கம் வாடைதான் தூக்கலா வரும். ஜில்லுனு ஏறுறது மெந்தால், அது பெப்பர்மின்ட்லதான் அதிகம். புதினாவை அரைச்சு ஊத்தலாமான்னு யோசிக்காதீங்க ப்ளீஸ், தண்ணி நாலு சொட்டு பட்டாலே உருகின சாக்லேட் மணல் மாதிரி திரிஞ்சு போயிடும், கிண்ணம், ஸ்பூன் எல்லாம் நல்லா துடைச்சு காஞ்சிருக்கணும், ஆவி கூட ஆகாது. எக்ஸ்ட்ராக்ட் ஆல்கஹால்ல செய்றது, அது வேண்டாம்னா சமையலுக்கான பெப்பர்மின்ட் ஆயில் கிடைக்கும், ஆனா அது ரொம்ப ஸ்ட்ராங், ரெண்டு சொட்டுல நிறுத்திட்டு ருசி பாருங்க.

அளவு: டார்க் 200 கிராம், வெள்ளை 200 கிராம், எக்ஸ்ட்ராக்ட் மொத்தமே கால் டீஸ்பூன், பாதி பாதியா ரெண்டுலயும்.

டார்க்ல மூணுல ரெண்டு பங்கை மைக்ரோவேவ்ல பாதி பவர்ல வச்சு முப்பது செகண்டுக்கு ஒரு தடவை எடுத்து கிளறுங்க, கடைசி கட்டி கரையறதுக்குள்ள வெளிய எடுத்துடுங்க. மிச்சம் ஒரு பங்கை அதுல போட்டு பொறுமையா கிளறினா சூடு இறங்கி, 31, 32 டிகிரி செல்சியஸ்ல வந்து நிக்கும்போது பளபளன்னு ஆயிடும். இப்படி செஞ்சாதான் இறுகினப்புறம் பளிச்சுனு உடையும், இல்லன்னா மேல சாம்பல் பூத்த மாதிரி ஆகும், சாப்பிடலாம் தப்பில்ல, பார்க்கதான் நல்லா இருக்காது. எக்ஸ்ட்ராக்டை கடைசியா கலந்து பேக்கிங் பேப்பர் மேல ஊத்தி பரப்பிடுங்க. அது கை வச்சா ஒட்டாத பதத்துக்கு வந்ததும் வெள்ளையை ஊத்தணும். ஃப்ரிட்ஜ்ல வச்சு கல்லா இறுக விட்டீங்கன்னா உடைக்கும்போது ரெண்டு லேயரும் தனித்தனியா கழண்டு வரும். வெள்ளையும் இதே முறைதான், ஆனா சீக்கிரம் கருகும், 28, 29 டிகிரி போதும். ஈரமா இருக்கும்போதே மிட்டாயை தூவி லேசா அமுக்கிடுங்க.

வெஜ்னு கேட்டதுக்கு: கேண்டி கேன் பெரும்பாலும் சர்க்கரையும் சிரப்பும்தான், சிவப்பு கலர் மட்டும் பாருங்க, ஈ120னு இருந்தா அது பூச்சியில எடுக்கற கார்மைன். மார்ஷ்மெல்லோ தூவற ரெசிபி வந்தா தாண்டி போயிடுங்க, அதுல வழக்கமா ஜெலட்டின் இருக்கும், அது மிருகங்களோட தோல், எலும்புல இருந்து எடுக்கறது.

ஆபீசுக்கு கொண்டு போறப்ப டப்பா பக்கத்துல ஒரு துண்டு பேப்பர்ல பால், சோயா இருக்கு, நட்ஸ் பட்டிருக்கலாம்னு எழுதி வைங்க, சாக்லேட் ரேப்பர்லயே போட்டிருக்கும், பார்த்து எழுதினா போதும். யாரும் கேக்காம நீங்களே எழுதி வச்சா நிம்மதியா எடுப்பாங்க. வேற ஸ்வீட்டோட ஒரே டப்பால போடாதீங்க, எல்லாத்துலயும் மின்ட் வாசம் ஏறிடும்.

இன்னொருத்தர் கேட்டது: அக்கா, எங்க வீட்ல ஓவன் இருக்கு, மின்ட் பிரவுனி பண்ணலாம்னா ரெசிபில 350 டிகிரின்னு இருக்கு, என் ஓவன் 250க்கு மேல போகவே மாட்டேங்குது, ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் எல்லாம் இல்லப்பா, ரெசிபி ஃபாரன்ஹீட், உன் ஓவன் செல்சியஸ். 175 வை, ஃபேன் ஓடற ஓவன்னா 155. அமெரிக்க ரெசிபில ஒரு ஸ்டிக் வெண்ணெய்னா 113 கிராம், ஒரு கப் 240 மில்லி. ஆஸ்திரேலியால டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மத்த இடத்துல பொதுவா 15. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிட்டு கிராம்ல எழுதின ரெசிபியா தேடு. சிட்டிகை சோடா உப்பையும் பேக்கிங் பவுடரையும் மட்டும் மாத்தி போட்டுடாத.