ஆண்டிபட்டிக் கணவாயில் தானாக அணைந்துபோகும் டீசல் வேன்: எங்கே தேடுவது?

திருநகர் வேன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2011 மாடல் டீசல் வேன், 12 வோல்ட், காமன் ரெயில் இன்ஜின் (டீசல் தெளிப்பதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும்). சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், கழிப்பறை எல்லாம் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலியோடு அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. படுத்தபடியே வரட்டும் என்றுதான் இத்தனையும்.

உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏறும்போது இன்ஜின் பட்டென்று நின்றுவிடுகிறது. திணறல் இல்லை, புகை இல்லை. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரிதான். ஓரம் கட்டி இருபது நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கிறது. நான்கு மாதத்தில் மூன்று தடவை, மூன்றும் மதிய வெயிலில். விடியற்காலையில் கிளம்பினால் தேனி வரை ஒரு தொந்தரவும் கிடையாது.

ஸ்கேனரில் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை அறியும் சென்சார்) கோளாறு என்று வந்தது. மாற்றினேன். டீசல் ஃபில்டரும் மாற்றியாயிற்று. போன ஞாயிறு வளைவில் மறுபடி நின்றது, பின்னால் கரும்பு லாரி. அம்மா உள்ளே படுத்திருந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மையே மாற்றச் சொல்கிறார்கள். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்கச் சுருளிக்குப் போயாக வேண்டும். வழி சொல்லுங்கள்.

தெப்பக்குளம் எலக்ட்ரீஷியன்:
தம்பி, இசிஎம்மில் கை வைக்காதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள். வண்டி நின்றதும் சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? எரிந்தால் சென்சார், டீசல் பக்கம் தேடலாம். எரியவே இல்லை என்றால் பெரும்பாலும் இசிஎம்முக்குக் கரண்டே போகவில்லை. மெயின் ரிலே (இசிஎம்முக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின்சுவிட்ச்), அதன் பியூஸ், எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டியோடு இணைக்கும் லைன்), இந்த மூன்றையும் பாருங்கள். கரண்ட் விட்டுவிட்டு வந்தால் நல்ல சென்சார் மீதும் ஸ்கேனர் பழி போடும்.

வெறும் மீட்டரை நம்ப வேண்டாம். ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் ஒயரிலும் அது 12 காட்டும். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை ரிலே சாக்கெட்டில் பேட்டரி கரண்ட் உள்ளே வரும் 30ஆம் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே கொடுங்கள். பளீரென்று எரிய வேண்டும். மங்கினால் கோளாறு அந்த லைனில்தான். அப்புறம், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்தால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று. ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் எங்கிருந்து லைன் எடுத்திருக்கிறார்கள்?

நத்தம் ரோடு பழைய வண்டி:
என்னுடையது மெக்கானிக்கல் பம்ப் வேன், இசிஎம் கிடையாது. ஆனாலும் ஒருநாள் இதே போல நின்றது. பம்பில் டீசலை நிறுத்தும் சோலனாய்டு (மின்சார வால்வு) இருக்கிறதே, அதன் ஒயர் அதிர்வில் நழுவியிருந்தது. அதற்கு 12 வோல்ட் போகாவிட்டால் டீசல் இறங்காது. ஒயர் நுனியைப் புதிதாக அழுத்திப் போட்டேன், அவ்வளவுதான்.

திருநகர் வேன்:
அண்ணே, அந்தக் கடைசிக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. விளக்கு எரியவில்லை என்பது யோசித்தபோதுதான் நினைவுக்கு வந்தது. நேற்று பியூஸ் பெட்டியைத் திறந்தேன். மெயின் ரிலேயைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, பிடிப்பே இல்லை. கரண்ட் வெளியே போகும் 87ஆம் பின் இருக்கும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பாகி, உருகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளைக் கவ்வி நீலம் பாய்ந்து வாயைப் பிளந்து கிடந்தது. அதே பின்னின் ஒயரைச் சீவி, இன்னொரு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். பிடித்துக்கொண்டே போனால் ஃபிரிட்ஜும் இரண்டு ஃபேனும்! சாவி போட்டால் மட்டும் வரும் லைன் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். உள்வேலை பார்த்தவர் இங்கே எடுத்திருக்கிறார். மதியத்தில் ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடும், ஃபேன்களும் ஓடும். கவ்வி சுட்டு, தளர்ந்து, இசிஎம்முக்குக் கரண்ட் அறுந்திருக்கிறது.

எல்லாம் ஓடும்போது அளந்தேன். பேட்டரியில் 14.1 வோல்ட், ரிலேயிலிருந்து கரண்ட் வெளியேறும் இடத்தில் 11.6. சாக்கெட்டையும் ரிலேயையும் மாற்றி, அந்த ஒட்டு ஒயரை வெட்டி எடுத்தாயிற்று. ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் தனி பேட்டரி. இன்ஜின் ஓடும்போது மட்டும் அது சார்ஜ் ஏற நடுவில் ஒரு ரிலே, இரண்டு முனையிலும் பியூஸ். இப்போது மெயின் ரிலேயிலிருந்து கரண்ட் வெளியேறும் இடத்தில் 14.0 வருகிறது.

தெப்பக்குளம் எலக்ட்ரீஷியன்:
நல்லது தம்பி. எர்த் பட்டையையும் ஒருமுறை கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். கட்டிலுக்கு மறுபடி வெல்டிங் வைத்தால் பேட்டரி ஒயரைக் கழற்றாமல் விடாதீர்கள். இசிஎம் நிஜமாகவே போய்விடும்.

திருநகர் வேன்:
எர்த்தும் முடித்தேன் அண்ணே. இன்று மதியம் ஒரு மணிக்கு, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, ஃபிரிட்ஜையும் ஃபேனையும் ஓடவிட்டுக் கணவாயை மூன்று முறை ஏறி இறங்கினேன். நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் மேலே போய் ரிலேயைத் தொட்டுப் பார்த்தேன், லேசான சூடுதான். அமாவாசைக்கு அம்மாவோடு கிளம்புகிறேன்.